நங்கூரம் போட்டு நிறுத்திய கார்

என் வீட்டுக்காரர் நீலமேகத்தைப் பற்றிக் கேட்டால் ஏரிப் பக்கத்தில் எவரும் முதலில் சிரிப்பார்கள், பிறகுதான் பதில் சொல்வார்கள். பழவேற்காட்டில் படகு ஏறும்போது நடுத்திட்டு என்று சொன்னால் போதும், “கார்க்காரர் ஊரா?” என்று கேட்பார்கள். எங்கள் ஊரைச் சுற்றித் தண்ணீர். கோயிலிலிருந்து படகுத்துறை வரை ஒரு சிமெண்டுப் பாதை, அதைத் தாண்டினால் மணல். ரோடு என்று ஒன்று கிடையாது. அந்த ஊரில் ஒரு மனுஷர் கார் வைத்திருந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நானும் சிரித்திருக்கிறேன். சிரித்ததைவிடத் திட்டியதுதான் அதிகம்.

அவர் ஆரம்பாக்கத்துக்காரர். கல்யாணத்துக்கு முன்னால் மீனுக்கு ஐஸ் கட்டி ஏற்றுகிற ஐஸ் வண்டி ஓட்டினார். சூளூர்ப்பேட்டைக்கும் மெட்ராசுக்கும் நெடுஞ்சாலையில் போய்வந்துகொண்டிருந்த ஆள். என்னைக் கட்டிய வருஷமே என் நைனா கடலோடு போய்விட்டார். தம்பி பூவரசன் அப்போது அரை டிராயர் பிள்ளை. வலையையும் படகையும் பார்க்க ஆளில்லை. இவர் வண்டிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு, ஒரு துணிப்பையோடு எங்கள் திட்டில் வந்து இறங்கினார். வலை பிடிக்கக் கற்றார், படகு இன்ஜின் ரிப்பேர் கற்றார். சுற்று வட்டாரத்தில் எந்தப் படகு இருமினாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ரோட்டைப் பற்றி மட்டும் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

எங்கள் மகள் அர்ச்சனா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய சமயம் ஆரம்பாக்கத்தில் ஒரு மாந்தோப்பில் பம்புசெட் ரிப்பேருக்குப் போனார். அங்கே ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் கிடந்ததாம். இருக்கையில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்ததாம். தோப்புக்காரர் பழைய இரும்புக்குப் போட இருந்தார். இவர் கூலி வேண்டாம், அதைக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார். போல்ட்டுப் போல்ட்டாகக் கழற்றக்கூடிய கார் அது. முன்பக்க மூடி தனி, பின்பக்கம் தனி, அடியில் சட்டம் தனி. ஐஸ் பெட்டியோடு ஒரு கதவு, வலை மூட்டையோடு ஒரு சக்கரம் என்று படகுப் படகாகத் திட்டுக்கு வந்தது. பழைய இரும்பு வியாபாரம் ஆரம்பிக்கிறாரோ என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். ஸ்டீயரிங்கைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இறங்கிய அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

“இன்னாய்யா இது? காரா? எங்க ஓட்டப் போற, கோயிலாண்ட இருந்து தொறை வரைக்குமா?”

“மொதல்ல ஓடட்டும் ஜமுனா. எங்கன்னு அப்பால பாக்கலாம்.”

இந்த அப்பால பாக்கலாம் பதினைந்து இருபது வருஷம் நீண்டது. கடலுக்குப் போகாத நாளெல்லாம் மனுஷர் காரின் அடியில் படுத்திருப்பார். மெட்ராஸ் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒரு கதவுக் கைப்பிடி வாங்கி வருவார், அதைச் சாமி விக்கிரகம் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவார். இன்ஜினைப் பிரித்துக் கோர்த்தார். வானத்து நீலத்தில் பெயிண்ட் அடித்தார், உப்புக்காற்றில் அது கொப்பளித்ததும் சுரண்டிவிட்டு மறுபடியும் அடித்தார். உப்புதான் காருக்கு எமன் என்று தினமும் சாயங்காலம் நல்ல தண்ணீரால் துடைப்பார். நல்ல தண்ணீர்! நாங்கள் படகில் குடம் குடமாகக் கொண்டுவந்து குடிக்கிற தண்ணீர். அதற்காக நான் போட்ட சண்டை கரைவரை கேட்கும். “எனக்கு ஒரு சொம்பு மொண்டு குடுத்ததில்ல, அந்தக் கஸ்மாலத்தக் குளிப்பாட்டுறான் பாரு” என்று அக்கம்பக்கத்தில் சொல்லி அழுதிருக்கிறேன்.

கார் ஓடத்தான் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் துறைக்கும் இடையில் போகும், வரும். ஊர்ப் பிள்ளைகள் பின்சீட்டில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். முன்சீட்டில் இடது பக்கம் மட்டும் யாரையும் உட்கார விடமாட்டார். புதுசாகத் தைத்து வாங்கி வந்த அந்தச் சீட்டின் பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தார். கிறுக்குக்கு என்ன பெயர் வைப்பது என்று விட்டுவிட்டேன்.

என்னையும் ஏறச் சொல்லிக் கூப்பிடுவார். நான் ஏறமாட்டேன்.

“எத்தினி கியரு உன் வண்டியில?”

“நாலு.”

“நீ எத்தினி போடுற?”

“ரெண்டு. மூணாவது போடறதுக்குள்ள தொறை வந்துருது.”

“நாலாவது போடும்போது கூப்புடு, வரேன்.”

இதை நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அவர் சிரித்துக்கொண்டே தனியாகப் போவார்.

இன்னொரு கூத்தும் உண்டு. காரை நிறுத்தினால் நங்கூரம் போடுவார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஹேண்ட் பிரேக் கம்பி துருப்பிடித்து அறுந்துபோயிருந்தது. மற்றதெல்லாம் தேடித் தேடிப் போட்டவர் அதை மட்டும் போடவில்லை. “நம்ம திட்டுல மேடு எங்க கீது, பள்ளம் எங்க கீது? இன்னாத்துக்கு ஹேண்ட் பிரேக்?” என்பார். ஆனால் காற்றடிக்கிற நாளில் துறையோரம் கார் தானாக நகர்ந்துவிட்டது ஒருமுறை. அன்றைக்கே படகு நங்கூரம் ஒன்றை எடுத்து, கயிற்றை வண்டியின் அடிச்சட்டத்தில் கட்டிவிட்டார். வண்டி நின்றதும் இறங்கி நங்கூரத்தை மணலில் குத்தி வைப்பார். மீன் வாங்க வருகிறவர்கள் அதைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்கு மானம் போகும்.

இப்படி இருந்த காருக்குப் போன ஆனி மாதம் ஆபத்து வந்தது. கார் நின்ற இடத்தில் மீன் ஏலக் கொட்டகை கட்டுவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்தார்கள். ஊருக்கு வேண்டிய கட்டடம், யாரும் தப்புச் சொல்ல முடியாது. வேறு இடமும் இல்லை, மற்றதெல்லாம் மழைக்கு மூழ்கும். ஊர்த் தலைவர் துளசிங்கம் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

“நீலமேகம், திங்கக்கெழம வேலை ஆரம்பிக்கறாங்க. அதுக்குள்ள வண்டிய எடுத்துடு. இல்லன்னா பொன்னேரிலேர்ந்து கேஸ் கட்டரோட ஆளு வரான், அறுத்து எடுத்துக்கினு போயிருவான். எனக்கும் வேற வழி தெர்ல.”

“மறுபடியும் கழட்டி எடுத்துக்கினு போறேன்” என்றார் இவர். இரண்டு நாள் காரின் அடியில் கிடந்தார். வெளியே வந்தபோது முகம் செத்திருந்தது. போல்ட் எல்லாம் உப்பில் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தன. அறுத்தால்தான் வரும், அறுத்தால் திரும்பச் சேராது. வந்தபோது துண்டு துண்டாக வந்த கார், போனால் முழுதாகத்தான் போகவேண்டும். இல்லையென்றால் கேஸ் கட்டர்.

போக வேண்டிய இடம் ரோடு இருக்கிற அக்கரையில் தோணிரேவு. அர்ச்சனாவை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுப் பக்கத்தில் கொட்டாய் காலியாக இருந்தது. நடுவில் ஏரி. அந்த மாதத்தில் முகத்துவாரம் பாதி மண்ணடைத்து ஏரி வற்றிக்கொண்டு வரும். பௌர்ணமியன்று காலையில் கடல் பொங்கி ஏற்றம் வரும், அந்த ஒரு வேளைதான் கனமான படகு தாண்ட முடியும். அதைவிட்டால் மழைக்காலம்தான். பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அன்று விடிந்ததும் இரண்டு ஃபைபர் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சவுக்குக் கழிகளால் சேர்த்துக் கட்டினார்கள். மேலே பலகை பரப்பினார்கள். ஒரு படகு எங்களுடையது, இன்னொன்று துளசிங்கத்துடையது. வண்டியை எடுக்கச் சொன்னவரே படகு கொடுத்தார். மார்கழிப் பனியில் வழி தெரியாமல் அவர் மகன் ஏரியில் சுற்றியபோது, இந்தக் காரின் ஹாரனை விடாமல் அடித்துத்தான் அவனைத் துறைக்குக் கொண்டுவந்தார் நீலமேகம். அதைத் துளசிங்கம் வாய்விட்டுச் சொல்லவில்லை, படகோடு வந்து நின்றார்.

காரைக் குறுக்கே ஏற்றினார்கள். முன்சக்கரம் எங்கள் படகின் மேல், பின்சக்கரம் துளசிங்கத்தின் படகின் மேல். இன்ஜின் கனம் முன்பக்கம் என்பதால் ஆட்கள் எல்லாரும் பின்சக்கரப் படகில் உட்கார வேண்டும் என்று பூவரசன் சொன்னான். எடைக்கு எடை. துளசிங்கமும் இன்னும் நாலு பேரும் அங்கே குந்தினார்கள். நானும் அங்கேதான். பூவரசன் முன்சக்கரப் படகில் மோட்டாரைப் பிடித்தான். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள், கயிறு போட்டார்கள். நங்கூரம் என் காலடியில் கிடந்தது.

இவர் போய் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

“எறங்குய்யா. தண்ணி மேல போற காருல உனுக்கு இன்னா வேல?” என்றேன்.

“ஹேண்ட் பிரேக் கெடையாது ஜமுனா. யாராச்சும் கால்ல பிரேக்க அமுத்திக்கினு இருக்கணும்.”

வேண்டாம் என்று கத்தியிருக்கலாம். கத்தினால் கட்டர்காரன் வருவான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாதி ஏரி வரை நன்றாகத்தான் போனோம். கார் தண்ணீரின் மேல் மிதந்து போவதைப் பார்த்து வலை இழுக்கிறவர்கள் கை தட்டினார்கள். துளசிங்கம்கூட, “மாப்ள, ஹாரன் அடியேன்” என்று கேலி பண்ணினார். இவர் அடிக்கவில்லை. கண்ணாடி வழியாக அவர் பிடரி மட்டும் எனக்குத் தெரிந்தது, வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. காற்று திடீரென்று தெற்கிலிருந்து திரும்பியது. படகு ஆழத்தை விட்டு ஓரமாக ஒதுங்கியது. அடியில் சரக்கென்று ஒரு சத்தம். நாங்கள் உட்கார்ந்திருந்த பின்சக்கரப் படகு மணல்மேட்டில் ஏறிவிட்டது.

படகு தரை தட்டினால் எங்கள் ஆட்கள் யோசிப்பதில்லை. இந்த ஏரியில் பாதி நாள் முழங்கால் தண்ணீர்தான். அடி உரசுகிற சத்தம் கேட்டாலே கால் தானாகக் குதித்துவிடும். குதித்து, படகை இலேசாக்கி, தோள் கொடுத்துத் தள்ளுவார்கள். சின்ன வயதிலிருந்து செய்வது. யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் குதித்தார்கள்.

“டேய், குதிக்காதீங்கடா!” என்று பூவரசன் கத்தினது குதித்த பிறகுதான் காதில் விழுந்தது.

பின்சக்கரப் படகு எடை குறைந்து துள்ளி மேலே எழுந்தது. முன்சக்கரப் படகு ஆழத்தில் அமுங்கியது. பலகை சரிந்தது. முன்சக்கரத்துக் கட்டை நழுவித் தண்ணீரில் விழுந்தது, கட்டியிருந்த கயிறு ஒன்று படீரென்று அறுந்தது. கார் முன்னால் நகர்ந்தது. உருளவில்லை, சக்கரம் பூட்டியபடியே ஈரப் பலகையில் வழுக்கியது. முன்சக்கரம் இரண்டும் படகின் விளிம்பில் போய் முட்டின. மூக்கு தண்ணீருக்கு மேல் தொங்கியது. அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம்.

“மாமா, குதி! எறங்கி குதி மாமா!” பூவரசன் தொண்டை கிழியக் கத்தினான்.

“காலை எடுத்தா வண்டி போயிரும்டா!”

“போனாப் போவுதுய்யா! நீ வா! நீ வெளிய வாய்யா!” என்று நான் கத்தினேன்.

அவர் திரும்பவே இல்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பின்னுக்குச் சாய்ந்து பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். சாய்ந்தால் கார் நிற்கும் என்பது போல. வண்டி போனால் அவரும் உள்ளேயே போவார், எனக்குத் தெரிந்துவிட்டது. என் நைனாவைக் கடல் கொண்டுபோனபோது நான் கரையில் நின்றிருந்தேன். இந்த மனுஷரையும் தண்ணீருக்குக் கொடுக்க என்னால் முடியாது. கார் மண்ணாய்ப் போகட்டும், இவர் வேண்டும். எனக்கு இவர் வேண்டும். அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

கார் இன்னும் ஒரு சாண் வழுக்கியது. என் காலடியில் கிடந்த கயிறு பாம்பு மாதிரி ஓடியது. அதைப் பார்த்ததும்தான் நங்கூரம் ஞாபகம் வந்தது. ஊரே சிரித்த நங்கூரம், நான் மானம் போகிறது என்று சொன்ன நங்கூரம். இரண்டு கையாலும் தூக்கினேன். எப்படித் தூக்கினேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. மணல்மேட்டுப் பக்கமாக வீசிவிட்டு, “மிதிங்கடா! மண்ணுல மிதிங்கடா!” என்று அலறினேன்.

துளசிங்கத்துக்குத்தான் முதலில் புரிந்தது. அந்த வயதில் பாய்ந்து போய் நங்கூரத்தின் மேல் ஏறி நின்று மிதித்தார். கொக்கி மண்ணில் இறங்கியது. கயிறு விறைத்தது, தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு மேலே எழுந்தது, கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அடிச்சட்டத்தில் இவர் போட்டிருந்த முடிச்சு இறுகியது.

கார் நின்றது.

மூச்சு விட்டால்கூட நகர்ந்துவிடுமோ என்ற பயம். பிறகு ஒவ்வொருத்தராக, பூனை நடை நடந்து வந்து, பின்சக்கரப் படகின் விளிம்பில் தொங்கினார்கள். படகு மெல்லத் தாழ்ந்தது, பலகை சமமானது. இரண்டு பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு முழம், இன்னொரு முழம் என்று கார் பின்னால் வந்தது. கட்டை கொடுத்தார்கள். இடது பக்க விளக்கு ஒன்று உடைந்து ஏரிக்குள் போயிருந்தது. மூக்கில் பெயிண்ட் உரிந்திருந்தது. மற்றபடி முழுசாக இருந்தது. இவரும் முழுசாக இருந்தார்.

“மாமா, இப்ப காலை எடுக்கலாம்” என்றான் பூவரசன்.

“எடுக்க வர்லடா” என்றார். மெய்யாகவே வரவில்லை. பூவரசன் குனிந்து அவர் காலைக் கையால் பிடித்துப் பிரேக்கிலிருந்து தூக்கி வைத்தான்.

தோணிரேவில் அர்ச்சனா கரையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். வலைக்காரர்கள் போனில் சொல்லிவிட்டார்களாம். காரை இறக்கி மேட்டில் தள்ளி நிறுத்தினார்கள். இவர் இறங்கி இரண்டடி வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். வலது கால் தொடையிலிருந்து நடுங்கிக்கொண்டே இருந்தது.

நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். அடிக்க வேண்டும் என்றுதான் போனேன். காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டேன்.

“நான் கத்தறேன், நீ எறங்க மாட்ற. ஒரு இரும்புக்கு இன்னொரு சாவு எடுக்கணுமா என் தலையில?”

“கோச்சிக்காத ஜமுனா.”

“கோச்சிக்காம? செத்துத் தொலஞ்சிருந்தா யார்கிட்டப் போய்க் கோச்சிப்பேன்?”

நடுக்கம் அடங்கியதும் அவர் எழுந்தார். காரின் இடது பக்கக் கதவைத் திறந்தார். முன்சீட்டின் பாலிதீன் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்து உரித்தார். உள்ளே சிவப்பு ரெக்சின் புதுசாகப் பளபளத்தது. இத்தனை வருஷமாக ஒரு பிள்ளையை உட்கார விடவில்லை, வெயில் படவிடவில்லை.

“ஏறு. உன் சீட்டுதான்.”

நான் அந்த ரெக்சினைத் தொட்டுப் பார்த்தேன். “இத வாயத் தொறந்து சொல்லித் தொலச்சா இன்னா?” என்றேன்.

“நாலாவது போடும்போது வரேன்னு நீதான சொன்ன? அதுவரைக்கும் எதுக்குச் சொல்லணும்?”

துளசிங்கம் மண்ணிலிருந்து பிடுங்கி வந்த நங்கூரத்தை என்னிடம் கொடுத்தார். சேறு வழிந்தது. நான் அதை மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன்.

பொன்னேரி ரோட்டில் அந்த நேரத்துக்கு வண்டி அதிகம் இல்லை. முதல் கியர், இரண்டாவது கியர் எனக்குத் தெரிந்த சத்தம்தான், வீட்டு வாசலில் கேட்ட சத்தம். மூன்றாவது போட்டார். ஜன்னல் வழியாகக் காற்று அடித்தது. உப்பளமும் முள்மரமும் பின்னால் ஓடின. அவர் கை ஸ்டீயரிங்கில் இலேசாக இருந்தது. ஐஸ் வண்டி ஓட்டிய பையனை நான் பார்த்ததில்லை, அன்றைக்குத்தான் பார்த்தேன். இந்த மனுஷர் எனக்காக எதை விட்டுவிட்டு வந்தார் என்று அந்த முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது.

“போடட்டா?” என்றார்.

“போடுய்யா.”

நாலாவது கியர் போட்டார். பெரிய சத்தம் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். சத்தம் குறைந்துவிட்டது. இன்ஜின் அடங்கி, கார் தானாகப் போவது போலப் போனது. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை இல்லை.

“இன்னாத்துக்கு அழுவுற?”

“காத்து கண்ணுல அடிக்குது. ரோட்டப் பாத்து ஓட்டு.”

“அந்த நங்கூரத்தக் கீழ வெய்யேன். பொடவயெல்லாம் சேறாவுது.”

“ஹேண்ட் பிரேக் போட்டப்பறம் வெக்கறேன்” என்றேன். “நீ ஓட்டு.”